மிஞ்சியதுதானா அன்பு?

“தனக்கு மிஞ்சியே தானம்” என்பது நம்மவர் வழக்கு. 2022 ஆம் ஆண்டில் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்றபோது, இவ்வழக்கே பலர்க்கும் புகலிடமாயிற்று. வளம் திரும்பட்டும், அயலானைப் பின்னர் பார்ப்போம் என்பதே இதன் உட்பொருள். கிறிஸ்துவின் பெயரைத் தரித்தோரும் இதனை ஒப்புவராயின், தம் வேதத்தையே மறுத்தோராவர்.

“என் அயலான் யார்?” என்று வினவிய சட்ட அறிஞன் அன்புக்கு ஓர் எல்லை கேட்டான். லூக்கா நற்செய்தி கூறும் விடையோ அவ்வெல்லையையே அழித்தது. எரிக்கோ வீதியில் குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு அயலானாயினவன் குருவுமல்லன், லேவியனுமல்லன். யூதர் வெறுத்தொதுக்கிய சமாரியனே. கள்வர் திரியும் அதே வீதியிலேதான் அவனும் தரித்து நின்றான் என்பதை நாம் மறத்தலாகாது.

“அது வெறும் உவமைதானே” என்பார்க்கு வரலாறு விடை பகரும். இரண்டாம் உலகப் போரின்போது, பிரான்சின் லு சம்போன் என்னும் மலைக்கிராமத்துப் புரட்டஸ்தாந்தர், உணவும் பங்கீடாகவே கிடைத்த நாள்களில், நாசிகள் வேட்டையாடிய யூதர்க்குத் தம் வீடுகளைத் திறந்துவிட்டனர். அவர்தம் போதகர் அந்திரே துரொக்மே 1943 இல் சிறைப்பட்டார். அவருடைய உறவினர் தானியேல் 1944 இல் மைதானெக் முகாமில் மாண்டார். இவர்களிடம் மிஞ்சியிருந்தது யாது?

ஆலயத்தில் மன்றாடி மீள்வோரே, அயல்வீட்டு அடுப்பு எரிகின்றதா என முதலில் நோக்குங்கள். மிஞ்சியதை ஈதல் தருமமாகலாம். இருப்பதைப் பகிர்தலே அன்பு.