மெல்ல மலரும் அன்பு

விரைவு, விரைவு என்று பறக்கும் காலம் இது. சமையல் விரைவில் முடிய வேண்டும். பாடம் விரைவில் மனத்தில் ஏற வேண்டும். அனுப்பிய செய்திக்கு அடுத்த நொடியே மறுமொழி வர வேண்டும். இத்தகைய காலத்தில், ஒரு சீனத் தொலைக்காட்சித் தொடர் நாற்பது பகுதிகளில், நடக்கிற வேகத்தில் ஒரு காதல் கதையைச் சொல்லி எண்ணற்றோர் உள்ளத்தைக் கவர்ந்திருக்கிறது என்றால் வியப்பாக இல்லையா? அந்த வியப்பே எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

“காதல் கதையா? படிக்கிற பெண்களுக்கு அது எதற்கு?” என்று பெற்றோர் முகம் சுளிப்பது எங்களுக்குத் தெரிகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் கோடை விடுமுறையில் தோழியின் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து இத்தொடரை நாங்கள் பார்த்தபோது, எங்கள் பின்னால் நாற்காலி போட்டு அமர்ந்தவர் அவளுடைய பாட்டியார். மொழி புரியாமலே அவரும் இறுதிவரை பார்த்தார். ஆகவே, பெரியவர்களும் சற்றுப் பொறுத்து இறுதிவரை படிக்க வேண்டுகிறோம்.

‘காற்று வீசும் இடத்துக்குச் செல்’ என்பது இத்தொடருடைய சீனப் பெயரின் பொருள். ஆங்கிலத்தில் ‘மீட் யுவர்செல்ஃப்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் ஹுனான் தொலைக்காட்சியிலும் மாங்கோ டிவியிலும் தொடங்கியது. கதைத் தலைவியாக லியு யீஃபேயும் தலைவனாக லி ஷியெனும் நடித்திருக்கிறார்கள். கதை நிகழும் இடம் சீனத்தின் தென்மேற்கே, யுன்னான் மாநிலத்தில் உள்ள தாலி. ஆம், ஊரின் பெயரே தாலிதான்! பெயரைக் கேட்டதும் எங்கள் வகுப்பே சிரித்துவிட்டது. ஆனால் அந்த ஊரில் நடக்கும் இந்தக் கதையில் எவரும் தாலி கட்ட அவசரப்படவில்லை என்பதுதான் வேடிக்கை.

தலைவி ஹோங்தோ, பெய்ஜிங் மாநகரில் ஐந்து நட்சத்திர ஓட்டல் ஒன்றில் பொறுப்பான பதவியில் இருப்பவள். வேலை, வேலை, ஓயாத வேலை. அவளுடைய உயிர்த்தோழி நான்ஷிங். ‘தாலிக்கு ஒருமுறை போய் வர வேண்டும்’ என்பது நான்ஷிங்கின் நெடுநாள் ஆசை. வேலை ஓயட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று நாட்கள் ஓடின. அந்தப் ‘பிறகு’ வரவே இல்லை. கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்த பின், காலம் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. தோழியை இழந்த ஹோங்தோ, பதவியைத் துறந்து, தோழி போக விரும்பிய ஊருக்குத் தான் மட்டும் தனியாகப் போகிறாள். அங்கே ஒரு சிற்றூரில் முற்றம் வைத்த வீட்டில் மூன்று மாதம் தங்குகிறாள்.

ஹோங்தோ என்றால் சிவப்பு விதை என்று பொருள். நம் ஊர்க் குன்றிமணியைப் போன்ற அந்தச் சிவந்த விதை, சீனக் கவிதை மரபில் பிரிந்தவரை நினைத்து ஏங்கும் ஏக்கத்தின் அடையாளம். நான்ஷிங் என்றால் தென்திசை நட்சத்திரம். ஏங்கும் விதை தென்திசை நோக்கிப் போகிறது. பெயர்களிலேயே கதை அடங்கிவிட்டது அன்றோ?

தலைவன் ஜீயாவ் அந்தச் சிற்றூரிலேயே பிறந்தவன். பெய்ஜிங்கில் கைநிறையச் சம்பளம் பெற்றவன், அதை விட்டுவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பியிருக்கிறான். ஊர் இளைஞர்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட, கிழவர்களும் குழந்தைகளுமே எஞ்சிய ஊரில், கைத்தொழில்களுக்கு மறுபடி உயிர் ஊட்டப் பாடுபடுகிறான். மரச்செதுக்கு வேலை கற்கும் பையன் நகரத்துக்கு ஓடத் துடிக்கிறான். பூத்தையல் தைக்கும் பெண்களுக்குத் தங்கள் கைவேலைக்குத் தக்க விலை கிடைக்க வேண்டும். இந்தக் கவலைகள் கதையில் வெறும் பின்னணி அல்ல. தலைவனும் தலைவியும் ஒருவரையொருவர் அறிந்து கொள்வதே இவற்றின் நடுவில்தான்.

அவர்கள் என்ன செய்கிறார்கள்? ஊர்த் தெருக்களில் நடக்கிறார்கள். முற்றத்தில் எல்லாருடனும் அமர்ந்து உண்கிறார்கள். அதே முற்றத்தில் தங்கியிருப்போரும் ஏதோ ஒரு காயத்தோடு வந்தவர்களே: வெளியே வரக் கூசும் எழுத்தாளப் பெண், பாட்டையே நம்பி வாழும் பாடகர், தொழிலில் தோற்றுத் தியானத்தில் அமர்ந்தவர். பாதித் தொடர் கடந்த பின்னும் ‘காதல்’ என்ற சொல் அவர்கள் வாயில் வருவதில்லை. “இன்னும் சொல்லவில்லையா?” என்று பாட்டியார் எங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் எழுந்து போகவில்லை!

இத்தொடர் சீனத்தில் இவ்வளவு வரவேற்புப் பெற்றதற்குக் காரணம் உண்டு. அங்கே ‘9-9-6’ என்று ஒரு வழக்கு. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை, வாரத்தில் 6 நாள் வேலை என்பது பொருள். 2019ஆம் ஆண்டு இதை எதிர்த்து இளைஞர்கள் குரல் எழுப்பினார்கள். 2021 ஆகஸ்டில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமே இம்முறை சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிவித்தது. அதே ஆண்டில் ‘படுத்துக்கொள்’ என்ற சொல் இளைஞரிடையே பரவியது. ‘ஓடி ஓடி அலுத்துவிட்டோம், இனிப் போட்டியே வேண்டாம்’ என்ற சலிப்பின் குரல் அது. கொள்ளை நோய்க்காக ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீடித்த கட்டுப்பாடுகள் 2022 டிசம்பரில்தான் தளர்ந்தன. அடுத்த மாதமே, ஒரு மலையும் ஏரியும் காற்றும் வீட்டுக்குள் வந்தால் மக்கள் பார்க்காமல் இருப்பார்களா?

அந்த மலையும் ஏரியும் கற்பனை அல்ல. சாங்ஷான் மலைத்தொடரில் 19 சிகரங்கள். உயர்ந்த சிகரம் நாலாயிரம் மீட்டருக்கும் மேல். அடிவாரத்தில் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரந்த ஏர்ஹாய் ஏரி. காற்று, மலர், பனி, நிலா என்னும் நான்கும் தாலியின் செல்வங்கள் என்று அந்நாட்டார் வழிவழியாகச் சொல்வார்கள். தொடரின் பெயரில் உள்ள காற்று அங்கிருந்தே வீசுகிறது.

அவ்வூரில் வாழும் பாய் இன மக்களிடம் ஓர் அழகிய வழக்கம் உண்டு. விருந்தினருக்கு மூன்று முறை தேநீர் தருவார்கள். முதல் கிண்ணம் கசக்கும். வறுத்த தேயிலையை அப்படியே காய்ச்சியது. இரண்டாவது இனிக்கும், அதில் சர்க்கரையும் அக்ரூட் பருப்பும் சேரும். மூன்றாவதில் தேனும் ஒருவகைக் காரமிளகும் கலந்திருக்கும். குடித்து முடித்த பின்னும் நாவில் சுவை நிற்கும். கசப்பை விட்டுவிட்டு இரண்டாவது கிண்ணத்தை மட்டும் கேட்க முடியாது. ஹோங்தோவின் கதையும் இவ்வாறே. அவள் முதலில் துயரத்தைக் குடித்தாக வேண்டும். அவள் தோழிக்காக அழுது முடியும் முன் எவரும் அவளுக்கு இனிப்பை ஊட்ட முயலவில்லை. ஜீயாவும் அவளுடைய துயரத்தைத் துருவித் துருவிக் கேட்பதில்லை. அவளாகச் சொல்லும்வரை பொறுத்திருக்கிறான். சொன்னபோது காது கொடுத்துக் கேட்கிறான்.

இதைத்தான் நாங்கள் முதலாவதாகக் குறிப்பிட விரும்புகிறோம். மறுக்கும் பெண்ணின் பின்னாலேயே போவதும், வழிமறிப்பதும், ‘இல்லை’ என்ற சொல்லை ‘ஆம்’ என்று எடுத்துக் கொள்வதும் வீரமென்றும் காதலென்றும் காட்டும் திரைப்படங்களை நாம் பலவாகப் பார்த்திருக்கிறோம். அவற்றைப் பார்த்து வளரும் பெண், தொல்லையையே அன்பு என்று தவறாக எண்ணிவிடக்கூடும். இங்கோ ஒருவன் அருகில் இருக்கிறான், ஆனால் நெருக்கவில்லை. உதவுகிறான்; ஆனால் கைம்மாறு கேட்கவில்லை. இப்படிப்பட்ட கதையைப் பார்ப்பதால் பெண்கள் கெடுவார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. மாறாக, எது மரியாதை, எது தொல்லை என்று பிரித்தறியும் கண் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

இரண்டாவது கருத்து இதைவிடப் பெரியது. ‘பொறுமையாக இரு’ என்று எல்லாரும் எங்களுக்குச் சொல்கிறார்கள். ஆனால் பொறுமை வேறு, ஒத்திப்போடுதல் வேறு. இவ்விரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக் கொள்கிறோம். பெய்ஜிங்கில் ஹோங்தோ ஒவ்வொரு நாளும் ஓடினாள்; ஆனால் தோழியின் ஆசையை ஒத்திப்போட்டாள். தாலியில் அவள் மெதுவாக நடந்தாள். ஆனால் எதையும் ஒத்திப்போடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி உணவு கொண்டு வந்தால் அன்றே அமர்ந்து உண்டாள். ஒருவர் கலங்கினால் அன்றே அருகில் போய் அமர்ந்தாள். வேகமாக ஓடுகிறவரே முக்கியமானதை நாளைக்கு என்று தள்ளிவைக்கிறார். மெதுவாக நடப்பவருக்கோ அதை இன்றே செய்ய நேரம் இருக்கிறது. இத்தொடரின் காதல் மெல்ல வளர்கிறது என்றால், அது சோம்பிக் கிடந்ததால் அல்ல. ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக அதற்கு நீர் ஊற்றப்பட்டது.

தாலிக்கு அருகில் சோசெங் என்ற ஊரில் துணியை முடிச்சிட்டு நீலச்சாயம் தோய்க்கும் கலை புகழ் பெற்றது. ஒருமுறை தோய்த்தால் வெளிறிய நீலம்தான் வரும். தோய்த்துக் காயவைத்து, மீண்டும் மீண்டும் தோய்க்க வேண்டும். ஆழ்ந்த நீலத்துக்குக் குறுக்கு வழி கிடையாது. ஆனால் ‘நாளைக்குத் தோய்க்கலாம்’ என்று விட்டுவிட்டாலும் நிறம் ஏறாது அல்லவா? அன்பும் அப்படித்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. தொடரில் வரும் சிற்றூர் மிகமிக அழகாக இருக்கிறது; சேறும் சண்டையும் கடனும் அங்கே அளவோடுதான் வருகின்றன. மேலும், வேலையை விட்டு மூன்று மாதம் காற்று வாங்கப் போகச் சேமிப்பு வேண்டும். வீட்டு வேலை செய்து குடும்பத்தைக் காக்கும் ஒரு தாயால் அது முடியுமா? முடியாது. இன்னொன்றும் உண்டு. தொடர் ஒளிபரப்பான சில வாரங்களில், 2023ஆம் ஆண்டுச் சீனப் புத்தாண்டு விடுமுறையில், தாலி வட்டாரத்துக்கு 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். படப்பிடிப்பு நடந்த ஃபெங்யாங்யி என்னும் சிற்றூரின் பழைய கற்பாதையில் கூட்டம் மொய்த்தது. ஊராருக்கு வருமானம் வந்தது, நல்லதே. ஆனால் அமைதியைத் தேடி அத்தனை பேரும் ஒரே ஊருக்குப் போனால், அங்கே அமைதிக்கு இடம் ஏது? காற்று வீசும் இடத்துக்குப் பயணச்சீட்டு வாங்கத் தேவையில்லை என்பதைத் தொடர் சொல்லியும் பலர் கேட்கவில்லை.

ஆனால் நாங்கள் கேட்டோம். தொடரின் கடைசிப் பகுதி முடிந்த மாலை, வழக்கம்போல் ‘அடுத்து எதைப் பார்க்கலாம்?’ என்று எவரும் பேசவில்லை. சற்று நேரம் சும்மா இருந்தோம். பத்தாம் வகுப்பு முடிந்ததும், தந்தையின் பணி மாற்றத்தால் வெளியூர் சென்ற எங்கள் தோழி ஒருத்தியின் நினைவு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. பேருந்தில் மூன்று மணி நேரப் பயணம்தான். “விடுமுறையில் வருகிறோம்” என்று வாக்களித்திருந்தோம். காலாண்டுத் தேர்வு வந்தது, ‘பிறகு’ என்றோம். அரையாண்டு வந்தது, ‘பிறகு’ என்றோம். அவள் முதலில் அடிக்கடி கேட்டாள். பின்னர்க் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தியதை நாங்கள் கவனிக்கவும் இல்லை. வெட்கமாக இருந்தது.

பின்னாலிருந்து பாட்டியார், “ஏன் எல்லாரும் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள்?” என்றார். சொன்னோம். “அதுக்கென்ன, போய்ப் பார்த்துட்டு வாங்கம்மா. பொண்ணு எதிர்பார்த்துட்டு இருப்பா” என்றார். நாற்பது பகுதிகளில் சொன்னதைப் பாட்டியார் ஒரே வரியில் சொல்லிவிட்டார்!

எனவே, அன்புள்ள பெற்றோரே! வருகிற விடுமுறையின் முதல் சனிக்கிழமை நாங்கள் ஐவரும் அவளைப் பார்த்துவர விரும்புகிறோம். பாட்டியாரும் துணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த ஆண்டு மலர் உங்கள் கைக்கு வரும் நாளில், அனுமதி கேட்டு உங்கள் முன் நிற்போம். ‘பிறகு பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தோழியரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஒத்திப்போட்ட ஒருவர் இருப்பார். தாத்தாவாக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம், அடுத்த பெஞ்சுத் தோழியாக இருக்கலாம். அன்பு மெல்ல மலரட்டும்; அதற்கான நீரை மட்டும் இன்றே ஊற்றுவோமாக!