ஏ.எல்.எஸ். ஜீனாம்... போங்கய்யா!

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு நண்பர் ஒருத்தர் போன் பண்ணார். அவர் அப்பாவுக்கு ஏ.எல்.எஸ். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்துச்சே, அதே நரம்பு நோய். "ஏ.எல்.எஸ். ஜீன் பேரு டார்டிபிபின்னு படிச்சேன்யா. அது எனக்கும் இருக்குமா?"

"இருக்கு. எனக்கும் இருக்கு"ன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் பேசின லட்சணம் அப்புறம்தான் உறைச்சுது. அரை மணி நேரம் விளக்கினேன். அந்தக் கடுப்புதான் இந்தப் பதிவு.

மக்கா, இது எல்லா மனுசங்களுக்கும் இருக்கிற ஜீன். 1-ஆம் குரோமோசோமில் உக்காந்திருக்கு. இது செய்யுற புரதம் டிடிபி-43. 1995-ல் எச்.ஐ.வி. ஆராய்ச்சியில் சிக்கினது. வைரஸோட 'டார்' டிஎன்ஏ துண்டைப் பிடிச்சதால அந்தப் பேரு. ஒற்றை இழை டிஎன்ஏ, ஆர்என்ஏ ரெண்டையும் பிடிக்கும். முக்கியமான வேலை ஆர்என்ஏவுலதான்: செல் ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும்போது வேண்டாத துண்டு நுழையாம பாத்துக்கும். எலியில இந்த ஜீனை முழுசா நீக்கினாங்க, கருவிலேயே செத்துப்போச்சு. இவனா வில்லன்? எடிட்டர்யா!

அப்ப நோய்? 2006-ல், ஏ.எல்.எஸ். நோயாளிகளோட நரம்பு செல்லில் கட்டிதட்டிக் கிடக்கிறது இந்தப் புரதம்தான்னு தெரிஞ்சுது. 2008-ல், சில நோயாளிகளுக்கு இந்த ஜீனிலேயே பிழை இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்புறதுதான் கோளாறே. புரதம் கட்டிதட்டுறது 100 நோயாளிகளில் சுமார் 97 பேருக்கு. இந்த ஜீனில் பிழை இருக்கிறதோ ஒரு சிலருக்குத்தான். மிச்சப் பேருக்கு இந்த ஜீன் ஒழுங்காத்தான் இருக்கு. உட்கருவில் இருக்கவேண்டிய புரதம் வெளியே வந்து கட்டிதட்டிப் போகுது, அவ்வளவுதான்.

"தலைப்பு சின்னதா இருக்கணும்ல"ன்னு வருவீங்க. 'ஜீனில் பிழை'ன்னு எழுதுங்க, ரெண்டே வார்த்தை. உங்க கை வலிக்கப்போறதில்லை. 'நோய் ஜீன்'னு நீங்க சுருக்கினா ஒரு வீட்ல தூக்கம் போகுது.

பரம்பரையே கிடையாதுன்னும் சொல்லலை. அப்பா அம்மாவில் ஒருத்தருக்கு இந்தப் பிழை இருந்தா, பெரும்பாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. அதனால குடும்பத்தில் யாருக்காவது நோய் இருந்தா மரபணு ஆலோசகரைப் பாருங்க. தலைப்பைப் படிச்சு முடிவு பண்ணாதீங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. நண்பர் அடுத்த வாரம் ஆலோசகர்கிட்ட போறார். இப்ப தூங்குறாராம் :-)