செம்பருத்தி டீ: எந்தச் செடி, எந்தப் பகுதி?

செம்பருத்தி டீ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு செடிகளின் சரக்கு விற்பனையாகிறது. ஒன்று வேலியோரத்தில் பூக்கும் செம்பருத்தி. இதற்கு ஈழத்தில் செவ்வரத்தை என்று பெயர். தாவரவியலில் ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ். மற்றொன்று புளிச்சகீரைக்கு நெருங்கிய உறவான ரோசெல் என்னும் ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா. இரண்டு பெயர்களும் 1753இல் லின்னேயஸ் சூட்டியவை. வெளிநாட்டு டீ பாக்கெட்டுகளில் ‘ஹைபிஸ்கஸ்’ என்று போட்டிருந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் ரோசெல்தான்.

ரோசெல்லில் பயன்படுவது பூவின் இதழ் அல்ல. வெளிர்மஞ்சள் இதழ்கள் உதிர்ந்தபின், பூவின் அடியிலிருக்கும் புல்லி வட்டம் சதைப்பற்றோடு பருத்துக் கருஞ்சிவப்பாகும். நடுவிலுள்ள விதைக்காயை நீக்கிவிட்டு அந்தச் சிவப்புச் சதையைக் காயவைப்பார்கள். சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம் முதலியவை இருப்பதால் இதன் டீ நன்றாகப் புளிக்கும். எகிப்திலும் சூடானிலும் இதற்குக் கர்கடே என்று பெயர். சூடாகவும் குடிப்பார்கள், குளிரவைத்தும் குடிப்பார்கள். செனகலில் இது பிஸாப். ஜமைக்காவில் இஞ்சி சேர்த்த கிறிஸ்துமஸ் பானமாக இதைத் தயாரிக்கிறார்கள்.

வேலிச் செம்பருத்தியில் எடுப்பது இதழ்களை. இதற்குப் புளிப்பு கிடையாது. லேசான வழவழப்பு உண்டு. வீட்டு வைத்தியத்துக்கு ஐந்து இதழ் கொண்ட ஒற்றைச் சிவப்புப் பூவையே கேட்பார்கள். காலையில் விரியும் பூ பெரும்பாலும் மாலைக்குள் வாடிவிடும் என்பதால், பனி ஈரம் போனதும் பறித்துவிடுவது நல்லது. காம்பு, பச்சைப் புல்லி, நடுவில் நீளும் மகரந்தத் தண்டு ஆகியவற்றை நீக்கிவிட்டு, இதழ்களை மட்டும் வெள்ளைத் துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். நேர் வெயிலில் நிறம் வெளுத்துவிடும். பதமாகக் காய்ந்த இதழ் கருஊதா நிறத்தில், விரலால் தொட்டதும் நொறுங்கும். துவண்டு மடங்கினால் ஈரம் மிச்சமிருக்கிறது. அப்படியே டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். சாலையோரச் செடியும் பூச்சிமருந்து அடித்த நர்சரிச் செடியும் இதற்கு ஆகாது.

ஒரு டம்ளர் கொதிநீருக்கு ஒரு சிட்டிகை காய்ந்த இதழ் போதும். அடுப்பை அணைத்துவிட்டு இதழைப் போட்டு, ஐந்து நிமிடம் மூடிவைத்து வடிகட்டலாம். ரோசெல்லின் புளிப்புக்கு எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரமே ஏற்றது. அலுமினியத்தில் அமிலம் வினைபுரியும். இதழ் ஊறிய நீர் முதலில் மங்கிய ஊதாவாக இருக்கும். அதில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விழுந்ததும் பளிச்சென்று சிவக்கும். ஆந்தோசயனின் என்னும் நிறமி அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதே காரணம். பள்ளி ஆய்வகத்தில் செம்பருத்திச் சாறு இயற்கை நிறங்காட்டியாகப் பயன்படுவதும் இதனால்தான். இரண்டு வகையிலும் காஃபீன் இல்லை.

ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்ற பேச்சுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 65 பேர் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினர் நாளுக்கு மூன்று முறை, முறைக்கு 240 மில்லி வீதம் ஆறு வாரம் இந்த டீயைக் குடித்தனர். அவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக 7.2 அளவு குறைந்தது. போலிப் பானம் குடித்தவர்களுக்குக் குறைந்தது 1.3 மட்டுமே. ஆய்வில் கொடுக்கப்பட்டது ரோசெல் டீ. அந்தக் கணக்கை வேலிச் செம்பருத்தியின் மேல் ஏற்றிச் சொல்ல முடியாது. மேலும், ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் அழுத்தம் சற்றே கூடியிருந்தவர்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டுவந்தவர்கள் அல்ல. மாத்திரையோடு இதையும் குடித்தால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்க வாய்ப்புண்டு என்பதால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது.

கடையில் வாங்கும்போது வேறுபாட்டைக் கண்ணாலேயே அறியலாம். தடித்துச் சுருண்ட நகம்போல் கெட்டியாக இருந்தால் ரோசெல். காகிதம்போல் மெலிந்து நொறுங்கினால் செம்பருத்தி. சந்தேகம் வந்தால் ஒரு துண்டை வாயில் போட்டால் போதும், புளிப்பு சொல்லிவிடும்.