நிற்கும்போது நடுங்கும் வண்டி

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். பழைய அம்பாசிடரோ மாருதி 800-ஓ, ஓடிக்கொண்டிருக்கும்வரை தன் நோயை வெளியே காட்டாது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் எல்லா இன்ஜினும் ஆரோக்கியமாகத்தான் தெரியும். திருமலைக்குப் போகும் வழியில் அலிபிரி சோதனைச் சாவடி வரிசையில் நின்றதும்தான் குட்டு வெளிப்படும். ஸ்டியரிங் நடுங்கும், கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ் இரண்டாகத் தெரியும், டேஷ்போர்டுப் பிள்ளையார் தலையாட்டுவார். சித்தூர்ப் பக்கத்து மெக்கானிக்கிடம் இதைத் தமிழில் 'உதறுது' என்றும் சொல்லலாம், தெலுங்கில் 'வணுகுதோந்தி' என்றும் சொல்லலாம். 1911 வரை வட ஆற்காட்டில் இருந்த ஊர், இரண்டும் புரியும்.

புரிந்த பிறகு நடப்பதில்தான் சிக்கல். பல பட்டறைகளில் முதல் வைத்தியம் ஒரு ஸ்குரு டிரைவர்தான். கார்பரேட்டரின் ஐட்லிங் ஸ்குருவை அரைச் சுற்று திருகி வேகத்தைக் கூட்டினால் நடுக்கம் அடங்கிவிடும். வண்டிக்காரரும் திருப்தியோடு கிளம்புவார். சமவெளியில் இது பெட்ரோலுக்கு மட்டுமே பிடித்த தண்டம். மலை ஏறி இறங்குகிறவருக்கு ஆபத்து.

நடுக்கத்தில் இரண்டு ஜாதி உண்டு. முதலில் அதைப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்றில் நிற்கும்போது, நொடிக்கு 25 தடவை வெடிக்கிறது. எல்லா சிலிண்டரும் ஒழுங்காக வேலை செய்தும் மவுன்டிங் ரப்பர் கெட்டிப்பட்டோ கிழிந்தோ போயிருந்தால், இந்த வேகமான அதிர்வு அப்படியே பாடிக்கு வரும். கையில் ரீங்காரம் போல உணரலாம். ஒரு சிலிண்டர் மட்டும் தூங்கினால் கதை வேறு. அதன் முறை நொடிக்கு ஆறு தடவைதான் வரும், ஆகவே தள்ளாடுவது போல மெதுவான உதறலாக இருக்கும். சைலன்சர் முனையில் கையை எட்டி வைத்தால் சீரான காற்றுக்கு நடுவே விட்டுவிட்டு ஓர் இடைவெளி தெரியும். பட்டறை பாஷையில் 'மிஸ்ஸிங்'. மூன்று சிலிண்டர் மாருதி 800-க்கு இயல்பிலேயே கொஞ்சம் ஆட்டம் உண்டு. அதைத் தீர்க்கிறேன் என்று செலவு வைப்பவரிடமிருந்து விலகி நிற்பது நல்லது.

ரீங்காரம் என்றால் போனட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை அழுத்தியபடி முதல் கியரில் கிளட்ச்சை லேசாக விடச் சொல்லிப் பார்க்க வேண்டும் (வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது). இன்ஜின் எகிறிக் குதித்தால் ரப்பரை மாற்ற வேண்டியதுதான். சைலன்சர் பைப் எங்காவது பாடியை உரசினாலும் இதே அறிகுறி வரும். அதற்குக் காசே ஆகாது.

மிஸ்ஸிங் என்றால் பழைய பிளாட்டினம் பாயின்ட் வண்டிகளில் பாட்டன் காலத்துச் சோதனை இருக்கிறது. ரப்பர் பிடி போட்ட குறடால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது. நல்ல சிலிண்டரைக் கழற்றினால் இன்ஜின் இன்னும் மோசமாகும். எதைக் கழற்றினாலும் மாற்றமே இல்லையோ, அதுதான் குற்றவாளி. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வைத்த வண்டிகளில் இந்த வேலை கூடாது. எரியாத பெட்ரோல் உள்ளே போய் விலை உயர்ந்த கன்வெர்ட்டரைக் கெடுக்கும். குற்றவாளி அகப்பட்டதும் அதன் பிளக்கைப் பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் போட வேண்டும். கோளாறும் கூடவே நகர்ந்தால் பிளக்தான். நகரவில்லையென்றால் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, கடைசியில் வால்வு, கம்ப்ரஷன். பிளக்கின் முனையே ஜாதகம் சொல்லும். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது, வெள்ளை வெளேர் என்றால் காற்று அதிகம்.

கலவைக் கோளாறை மலையே காட்டிக்கொடுக்கும். திருமலை திருப்பதி ஊரைவிட ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். அங்கே காற்று ஏழெட்டு சதம் மெலிவு, ஆனால் பெட்ரோலை அளப்பதில் கார்பரேட்டருக்கு அந்தக் கணக்கு தெரியாது. கீழே நடுங்கிய வண்டி மேலே தேறினால் கலவையில் காற்று அதிகம். கீழே சுமாராக இருந்து மேலே கரும்புகையோடு திணறினால் பெட்ரோல் அதிகம். இதற்கிடையில் 2025-க்குள் 20 சத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அந்தக் காலப் பெட்ரோலுக்கு அளந்த கார்பரேட்டரில் கலவை மெலியும். பழைய ரப்பர் குழாய்களையும் அது பதம் பார்க்கும்.

எல்லா சிலிண்டரும் சேர்ந்து தடுமாறினால் சந்தேகப்பட வேண்டியது குழாய்களைத்தான். இன்ஜின் காற்றை இழுக்கும் பாதையில் எங்கோ விரிசல், கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. ஒரு முழம் ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை அங்கங்கே நீட்டினால் 'உஸ்' என்ற சத்தம் இடத்தைச் சொல்லும். பூஸ்டர் வைத்த பெட்ரோல் கார்களில் அந்தக் குழாய்களில் ஒன்று பிரேக்குக்குப் போகிறது. அதைக் குறடால் அழுத்தி மூடும்போது ஐட்லிங் சீரானால், நடுக்கத்துக்குக் காரணம் பிரேக் பூஸ்டரோ அதன் குழாயோதான். ஸ்குருவைத் திருகி மறைத்த நோய் இதுவாக இருந்தால் என்ன ஆகும்?

மேலிருந்து இறங்குவது 1944-இல் திறந்த முதல் காட் ரோடு வழியாக. 36 கொண்டை ஊசி வளைவுகள். 1974-இல் வந்த இரண்டாவது சாலை ஏறுவதற்கு. இறக்கத்தில் வண்டியைப் பிடிக்க வேண்டியது கியரும் இன்ஜினும். ஐட்லிங் கூட்டிவைத்த இன்ஜினில் காலை எடுத்தாலும் திராட்டில் முழுக்க மூடாது, பிடி தளர்ந்திருக்கும். அந்தக் குறையைப் பிரேக் சுமக்கிறது, சூடேறுகிறது. பூஸ்டர் குழாயும் ஒழுகினால் பெடல் கட்டையாகிவிடும். நடுவில் இன்ஜின் நின்றுபோனால், நல்ல பூஸ்டரிலேயே இரண்டு மூன்று மிதிக்குத்தான் சேமிப்பு. ஒழுகும் பூஸ்டரில் அதுவும் இல்லை.

இதைச் சோதிக்க மெக்கானிக் வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும்வரை ஐந்தாறு தடவை மிதித்து, அழுத்திய காலோடு ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெடல் ஓர் அங்குலம் போலத் தானாகத் தாழ்ந்தால் பூஸ்டர் இழுக்கிறது. தாழவில்லையென்றால் வண்டியைக் கீழே திருப்பதியில் நிறுத்திவிட்டு, தேவஸ்தானத்துக்குப் போகும் அரசு பஸ்ஸில் ஏறலாம்.