வீட்டிற் சாயமிடுதல்

சிறு துணித்துண்டுகள் பலவற்றை ஒன்றோடொன்று இணைத்து மேற்றுணியாக்கி, அதன்கீழ்ப் பஞ்சும் பஞ்சின்கீழ் மற்றொரு துணியும் வைத்து, மூன்றும் ஒன்றேயாகும்படி நெருங்கத் தையலிட்டுச் செய்யும் போர்வையை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் குவில்ட் என்று வழங்குவர். யான் அதனை ஒட்டுப்போர்வை என்று குறிப்பேன். இப்போர்வைக்கு வேண்டும் துணியைக் கடையிற் கொள்ளாது, வெள்ளைத் துணியை வாங்கித் தம் வீட்டிலேயே சாயந்தோய்த்துக் கொள்ளும் வழக்கம் மேனாட்டிற் பலரிடத்தும் உண்டு. நம் நாட்டிலும் சிலர் இதனைக் கைக்கொண்டுள்ளனர். கடையில் எண்ணிறந்த வண்ணங்கள் கிடைக்கும் இக்காலத்தில் இஃதொரு வீண்வேலை என்பார் ஒரு சாரார். செய்வதாயின் செடிகொடிகளிலிருந்து எடுக்கும் சாயத்தாற் செய்க, இரசாயனச் சாயத்தைத் தீண்டற்க என்பார் மற்றொரு சாரார். இவ்விரு திறத்தார் கூற்றும் எனக்கு உடன்பாடல்ல. ஆயினும், வீட்டிற் சாயமிடுவோர் அனைவரும் செவ்வனே செய்கின்றனர் என்றும் யான் கூறத் துணியேன். அவருள் யானும் ஒருவனாய்ப் பிழைசெய்தவன்.

சாயத்திற்கும் ஒட்டுப்போர்வைக்கும் உள்ள உறவில் நம் சோழமண்டலக் கரைக்குப் பெரும்பங்கு உண்டென்பதைப் பலர் அறியார். 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் இக்கரையிலிருந்து கப்பலேறிய சித்திரத்துணிகள் இங்கிலாந்திலும் ஒல்லாந்திலும் கட்டிற் போர்வைகளாகப் பஞ்சிட்டுத் தைக்கப்பெற்றன. அவற்றின் வண்ணம் துவைக்கத் துவைக்கப் பொலிவுற்றதேயன்றிக் குன்றவில்லை. அந்நாட்டு நெசவாளர் இதனைப் பொறாது முறையிட, ஆங்கிலப் பாராளுமன்றம் 1700 ஆம் ஆண்டிலும் 1721 ஆம் ஆண்டிலும் தடைச்சட்டங்கள் இயற்றிற்று. பின்னைய சட்டம் ஆடையை மட்டுமன்றி வீட்டில் வழங்கும் விரிப்பு, போர்வைகளையும் தடுத்தது. பிரான்சு தேசத்திலும் 1686 முதல் 1759 வரை இத்தகைய தடை இருந்தது.

தடைசெய்த நாட்டினரே அத்தொழிலின் மறையை அறியவும் அவாவினர். புதுச்சேரியில் வாழ்ந்த குர்தூ என்னும் இயேசு சபைப் பாதிரியார், சாயத்தொழில் வல்லார் சிலரிடம் கேட்டறிந்து, 1742 ஆம் ஆண்டில் அதனை விரிவாக எழுதித் தம் நாட்டிற்கு விடுத்தார். (வடமொழிக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டியவரும் இவரே.) துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்ப்பதும், படிகார நீரால் எழுதிய இடத்தில் மட்டும் சாயவேரின் செம்மை பற்றுவதும் அவர் கடிதத்தால் ஐரோப்பியர்க்கு விளங்கின. சாயவேர் என்பது இம்பூறல் என்னும் சிறு செடியின் வேர். அவர்க்கு அதனைக் கற்பித்த தொழிலாளரின் பெயர்கள் இன்று வழங்கவில்லை. சாயத்தைப் பற்றிய நூல்களில் எழுதியவர் பெயர் நிலைக்க, தோய்த்தவர் பெயர் மறைவது வழக்கமாகிவிட்டது.

இனி அமெரிக்கர் வீட்டிற் சாயமிடப் புகுந்த காரணத்தைக் காண்போம். 1971 ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து விட்னி அருங்கலைக்கூடத்தில் பழைய ஒட்டுப்போர்வைகளை ஓவியங்களைப்போற் சுவரில் தொங்கவிட்டுக் காட்டினர். அதுவரை கட்டிலிற் கிடந்த பொருள் சுவரேறியது. 1979 ஆம் ஆண்டில் ஓகையோ மாநிலத்து ஏதென்சு என்னும் ஊரில், நான்சி குரோ முதலியோரின் முயற்சியால், புதிய ஒட்டுப்போர்வைகளுக்கென்றே தேசியக் கண்காட்சி ஒன்று தொடங்கியது. இவ்வாறு கலைநோக்குடன் தைக்கப் புகுந்தோர்க்குக் கடைத்துணி போதவில்லை. கடையிற் பூவேலைத் துணி மிகுதி; ஒரே நீலம் கருமையிலிருந்து வெண்மைவரை படிப்படியாக மெலிந்து செல்லும் தனிநிறத் துணி அரிது. ஆதலின் அவர்கள் தாமே வாளியும் சாயமும் எடுத்தனர்.

அவர்கள் எடுத்த சாயத்தின் வரலாறும் சுவையுடையது. 1856 ஆம் ஆண்டில் பெர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர், கொயினா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்று, ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டார். அதன்பின் 1868 இல் மஞ்சிட்டி வேரின் செம்மையும், 1897 இல் அவுரியின் நீலமும் செருமானியரின் தொழிற்கூடங்களிற் செய்பொருளாயின. நம் நாட்டு அவுரிப்பயிர் வீழ்ந்தது. பெர்க்கின் கண்ட நூறாம் ஆண்டாகிய 1956 இல் வேறொரு வகைச் சாயம் இங்கிலாந்திற் கடைக்கு வந்தது. முன்னைய சாயங்கள் பஞ்சிழையின்மேற் படிந்தோ அதனுட் சிக்கியோ நிற்பன. இப்புதுச்சாயமோ, காரத்தின் துணையால் இழையோடு வேதியியல் முறையிற் பிணைந்து அதன் உறுப்பாகவே ஆகிவிடுவது. கொதிநீர் வேண்டா, நம் ஊர் வெயிலின் வெதுவெதுப்பே போதும். வீட்டில் தோய்ப்பார்க்கு இதனினும் ஏற்றது வேறில்லை.

முறை எளிதே. துணியின் கஞ்சி போக வெந்நீரில் துவைத்து, சலவைச் சோடா கரைத்த நீரில் அரைநாழிகை ஊறவைத்துப் பிழிந்து, வாய்கன்ற சீசாவிற் கசக்கித் திணித்து, கரைத்த சாயத்தைத் துணி நனையுமளவே ஊற்றி, மறுநாள்வரை மூடிவைப்பது. கசக்கிய மடிப்புகளிற் சாயம் ஏறியும் குறைந்தும் நின்று மேகம்போலப் படரும். படிநிறம் வேண்டுவோர் எட்டுச் சீசாக்களை வரிசையாக வைத்து, முதலதில் முழுச்சாயமும், அடுத்ததில் அதன் பாதியும், அதற்கடுத்ததில் அப்பாதியின் பாதியுமாகக் குறைத்துச் செல்வர். எட்டாவதில் முதலதன் 128 இல் ஒரு பங்கே நிற்கும். இதற்கு வேண்டுவது தராசும், அளவுக்குழலும், எழுதிவைக்கும் குறிப்பேடும். பொடியாய் இருக்கையில் இச்சாயம் காற்றிற் பறந்து மூக்கிற் புகும். சிலர்க்கு இரைப்பு நோய் உண்டாக்கும். ஆகலின் மூக்கை மூடிக்கொண்டே அளக்கவேண்டும். சமையற் பாத்திரம் எதனையும் இதற்கு எடுத்தலாகாது. அடுக்களைக் கரண்டியால் அளந்து, மீண்டும் அதனைக் குழம்பிலிடுவாரை யான் கண்டிருக்கின்றேன்.

வீண்வேலை என்பார்க்கு என் விடை இதுவே. கடையில் துணி வாங்குவோன் நிறத்தை வாங்குகிறான். தோய்ப்பவனோ நிறம் எவ்வாறு உண்டாகிறதென்று அறிகிறான். மஞ்சளும் நீலமும் சேரின் பச்சையாம் என்பது சிறுவரும் அறிந்தது. ஆனால் கடையிற் கறுப்பு என்று விற்கும் சாயம் பெரும்பாலும் பல நிறங்களின் கலவை என்பதும், அவற்றுள் ஒன்று விரைந்தும் மற்றொன்று தாழ்த்தும் இழையிற் பற்றுதலால், கறுப்புத் துணியின் ஓரத்திற் செம்மையோ நீலமோ பிரிந்து தோன்றும் என்பதும் தோய்த்துப் பார்த்தார்க்கே விளங்கும். இவ்வறிவு ஒரு முழம் துணியினும் விலையுயர்ந்தது. அஃதன்றியும், ஒட்டுப்போர்வை ஒன்று தைக்கப் பல மாதங்கள் செல்கின்றன. அத்துணை உழைப்பிற்கு முன் இரண்டு நாள் சாயவேலை மிகையாமோ?

இயற்கைச் சாயமே நன்று என்பாரை மறுப்பது இதனினும் கடினம். ஏனெனில் அவர் கூற்றில் அன்பு உண்டு. அவுரியும் சாயவேரும் நம் முன்னோர் கையில் அரிய பொருள்களாய் விளங்கின என்பதை யான் முன்னரே கூறினேன். ஆயின் செடியிற் பிறந்தது என்பதாலேயே ஒரு சாயம் நிலைபெறாது. மஞ்சள் தோய்த்த துணியைச் சில நாள் வெயிலிற் காயவிட்டாற் போதும். பழைய சோழமண்டலச் சித்திரத்துணிகளை அருங்கலைக்கூடங்களிற் பார்த்தவர், அவற்றில் இலைகளெல்லாம் நீலமாயிருப்பதைக் கண்டு வியந்திருக்கலாம். அக்காலத்தார் இலையை நீலமாக எழுதவில்லை. அவுரி நீலத்தின்மேல் மஞ்சளைப் பூசிப் பச்சையாக்கினர். மஞ்சள் ஒளியில் மறைந்துபோக, நீலம் மட்டும் நின்றது. உலகம் வியந்த அத்தொழிலாளர்க்கும் நிலைத்த மஞ்சள் எளிதில் அகப்படவில்லையென்றால், செம்பருத்திப் பூவையும் பீட்ரூட்டையும் வேகவைத்துப் போர்வைக்குத் துணி தோய்ப்பார் எதனை நம்பித் தோய்க்கின்றனரோ அறியேன். மேலும், செடிச்சாயம் பற்றுதற்குச் சேர்க்கும் உப்புகளுட் படிகாரம் தீங்கற்றதெனலாம்; முன்னாளில் வழங்கிய குரோமிய உப்போ கொடிய நஞ்சு. நஞ்சு எது, நஞ்சன்று எது என்பதை அது பிறந்த இடத்தைக் கொண்டு துணிதல் பிழை.

இனி என் பிழைக்கு வருகின்றேன். சில ஆண்டுகட்கு முன் என் தமக்கையாரின் மகள் திருமணத்திற்கென்று சிவப்பும் வெள்ளையுமாகிய ஒட்டுப்போர்வை ஒன்று தைத்தேன். சிவப்பை யானே தோய்த்தேன். தண்ணீரில் நான்குமுறை அலசினேன். நீர் ஏறக்குறைய தெளிந்தது. ஏறக்குறைய என்ற சொல்லில்தான் கேடு இருந்தது. ஐந்து மாதம் தைத்து முடித்துக் கொடுத்த போர்வையை அவர்கள் முதன்முறை வெந்நீரில் துவைத்த அன்றே வெள்ளையெல்லாம் வெளிறிய சிவப்பாயிற்று. என் தமக்கையார் ஒன்றும் கூறவில்லை. அடுத்தமுறை யான் சென்றபோது அப்போர்வை கறை தெரியாவண்ணம் உட்புறமாக மடிக்கப்பட்டுக் கட்டிலின் கால்மாட்டில் இருந்தது.

சாயம் போலி என்று அப்பொழுது எண்ணினேன். ஆராய்ந்தபோது சாயத்தின்மேற் குற்றமில்லை என்பது விளங்கிற்று. இச்சாயம் பஞ்சிழையோடு பிணைவதுபோலவே, அதனைக் கரைத்த நீரோடும் பிணையும். நீரோடு பிணைந்த பகுதி பின்னர் எக்காலத்தும் துணியைப் பற்றாது. பற்றியதுபோல இழைகளிடையே ஒளிந்திருக்கும். தண்ணீர் அதனை முற்றும் வெளிக்கொணராது, வெந்நீரே கொணரும். உப்பும் காடியும் கலந்த நீரில் ஊறவைத்தாற் சாயம் நிற்கும் என்று பாட்டிமார் முதல் பத்திரிகைகள்வரை கூறுவதும் பருத்திக்குப் பொருந்தாது. காடி கம்பளிக்கும் பட்டுக்கும் உரிய சாயங்களிடத்துப் பயன்படுவது. பருத்திக்கு வேண்டுவது வெந்நீரும் பொறுமையுமே.

பொறுமையுள்ள இடத்தில் நீர் செலவாகும். இங்கேதான் வீட்டிற் சாயமிடுவோர் பலரும் கண்ணை மூடிக்கொள்கின்றனர். நொய்யலாற்றின் கதையை நாம் அறிவோம். வெள்ளியங்கிரி மலையிற் பிறந்து காவிரியிற் கலக்கும் அவ்வாறு, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவால் உப்பேறி, கரையிலுள்ள கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. பாசனத்திற்கென்று 1992 இற் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர் தேங்கும் குட்டையாயிற்று. உழவர் தொடுத்த வழக்கில், கழிவுநீர் சிறிதும் வெளிவிடாத நிலை எய்தும்வரை அவ்வூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஆம் ஆண்டு சனவரியில் ஆணையிட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். உழவர் முன்னரே நிலத்தை இழந்திருந்தனர்.

வீட்டில் நான்கு சீசாவில் தோய்ப்பவனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். அளவில் ஒப்புமையில்லை என்பது மெய். எனினும் ஒன்று கருதத்தக்கது. நொய்யலைக் கெடுத்தது நிறத்தினும் மிகுதியாக உப்பே. பெருந்தொட்டியில் மிகுந்த நீரில் தோய்க்கும்போது, நீரை விட்டுத் துணியிற் சாயம் ஏறுதற்கு மிகுதியான உப்பு வேண்டும். சீசாவிற் கசக்கித் திணித்துச் சிறிது நீரில் தோய்க்கும் முறைக்கோ உப்பே வேண்டுவதில்லை. ஆகவே வீட்டுமுறை, செவ்வனே செய்யப்பெறின், ஆற்றுக்கு நட்புடையது. அதனை விடுத்து, ஒருசீரான நிறம் வேண்டுமென்று வாளி வாளியாக நீரும் படி படியாக உப்பும் இட்டுப் பட்டறையைப் போலிசெய்வார் எதற்காக வீட்டில் தோய்க்கின்றனர்? ஒருசீரான நிறம் ஆலையிலேயே நன்றாய்க் கிடைக்கிறதே. மேகம்போல் படரும் நிறமே வீட்டுச்சாயத்தின் சிறப்பு. அதுவே நீருக்கும் சிக்கனம்.

ஆதலின், தாம் தோய்த்த துணியைப் பிறர்க்கு விற்போரிடம் ஒன்று கேட்கின்றேன். கைத்தொழில் என்றும், ஒவ்வொரு துண்டும் தனியழகுடையது என்றும் கூறி மிகுந்த விலை பெறுகின்றீர்கள், பெறுக. ஆனால் வாங்குவோர் அதனைத் துவைத்துக்கொள்ள வேண்டும் என்று சிறு சீட்டில் எழுதிவைப்பது போதாது. கடைசி அலசலை வாங்குவோர் தலையிற் கட்டுவதாயின் அத்துணி பாதி செய்த பொருளே; விலையும் பாதியாயிருத்தல் வேண்டும். சோதனை மிக எளிது. துணியின் மூலையை நனைத்து, வெள்ளைத் துண்டு ஒன்றை அதன்மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துக. வெள்ளையில் நிறம் ஊறின் மீண்டும் வெந்நீரில் இரவு முழுதும் ஊறவைக்க.

என் மேசையில் இப்பொழுது அத்தகைய வெள்ளைத் துண்டுகள் ஒரு கட்டு உள்ளன. தோய்த்த ஒவ்வொரு துணிக்கும் ஒன்றாக, நாளும் அளவும் மையால் எழுதி வைத்திருக்கின்றேன். தமக்கையார்க்கு வேறொரு போர்வை தைத்துக்கொண்டிருக்கின்றேன். அதற்குரிய சிவப்புத் துணி இன்னும் வாளியில் ஊறுகிறது. நேற்றுவரை ஆறுமுறை வெந்நீர் மாற்றியாயிற்று. ஆறாவது துண்டிலும் மங்கிய கோடொன்று தெரிகிறது.