உடுக்குறி இல்லாத விமானம்

1986இல் டெஸ்டர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 'எஃப்-19' என்னும் போர் விமானத்தின் 1/48 அளவு பிளாஸ்டிக் மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்பெயரில் விமானமே கிடையாது. ரேடாருக்கு எளிதில் புலப்படாத விமானம் ஒன்று இரகசியமாகப் பறப்பதாகக் கசிந்த செய்திகளைக் கொண்டு, வடிவமைப்பாளர் ஜான் ஆண்ட்ரூஸ் அதை ஊகித்திருந்தார். பொம்மைக் கடையில் கிடைப்பது தங்கள் கண்ணுக்குக் காட்டப்படவில்லையே என்று அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களே கேட்டனர்.

1988 நவம்பரில் உண்மையான எஃப்-117இன் படம் வெளியாயிற்று. மாதிரி வழவழவென்று வளைந்திருந்தது; அசலோ பட்டை தீட்டிய கல்போல் தட்டை முகங்களால் ஆனது. 1970களின் கணினிகள் தட்டைப் பரப்புகளின் ரேடார் எதிரொலிப்பை மட்டுமே கணக்கிட வல்லவையாக இருந்தன. ஆண்ட்ரூஸ் உள்நோக்கிச் சாய்த்த வால் துடுப்புகள் அசலில் வெளிநோக்கி விரிந்திருந்தன. ஆனால் அதன் முன்னோடியான 'ஹேவ் புளூ'வில் அவை உள்நோக்கியே சாய்ந்திருந்தன!

இதைத் தோல்வி என்று எள்ளுவோர், மாதிரிக் கலையை நகலெடுப்பாக மட்டுமே அறிந்தவர்கள். எஞ்சிய சான்றுகளிலிருந்து காணாததை மீட்டுருவாக்குவது, தொல்திராவிடச் சொல்லை மீட்கும் மொழியியலாரின் பணிக்கு ஒப்பானது. வேறுபாடு ஒன்றுண்டு. சான்றில் கிடைக்காத சொல்லின் முன் மொழியியலார் உடுக்குறி இடுவர். பிளாஸ்டிக்கில் அதற்கு இடமில்லை. விளிம்புகளைத் தேய்த்து, பசையிட்டு, கருவண்ணம் பூசி முடித்ததும் சான்றும் ஊகமும் ஒரே நிறமாகிவிடுகின்றன. இன்றும் பாதி மறைவில் இருக்கும் விமானங்களின் மாதிரிகளிலேனும், எப்பகுதி ஒளிப்படத்தில் கண்டது, எப்பகுதி ஊகித்தது என்று செய்முறைத் தாளில் குறிப்பிடலாம்.