மாசி பிறந்த மண்ணில் பசியாறுவோம்



நம் கடற்கரை ஊர்களில் சம்பலுக்கு இடிக்கும் மாசி எங்கிருந்து வருகிறது என்று எப்போதேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? விறகுக் கட்டையைப் போல் இறுகி, உரலில் இட்டு இடித்தாலன்றி உதிராத அந்தக் கருவாட்டின் தாயகம் மாலத்தீவு. அந்நாட்டின் திவேஹி மொழியில் ‘மாஸ்’ என்றால் மீன். புகையேற்றி வெயிலில் காயவைத்த மீனை அவர்கள் ‘ஹிக்கிமாஸ்’ என்பர். நாம் மாசி என்கிறோம்.

உலகம் சுற்றிய இப்னு பதூதா 1343இல் இத்தீவுகளுக்கு வந்து, காழியாகவும் பதவி வகித்தார். அங்கிருந்து இலங்கைக்கும், பின்னர் நம் மஃபர் கரைக்கும் வந்து மதுரை சுல்தானைச் சந்தித்தவர் அவர். மாலத்தீவினரின் உணவைப் பற்றி அவர் எழுதிவைத்த செய்தி இன்றும் வியப்பூட்டுகிறது. மீனை நான்காகப் பிளந்து, இலேசாக வேகவைத்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையில் தொங்கவிடுவார்கள் என்றும், நன்கு காய்ந்தபின் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் எமனுக்கும் அது ஏற்றுமதியாகும் என்றும் குறித்துள்ளார். ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்குப் பின்னும் செய்முறையில் பெரிய மாற்றமில்லை.

இவ்வளவு நெருக்கமான ஒரு நாட்டுக்கு இன்று நம்மவர் செல்கிறார்கள். ஆனால், எங்கே உண்கிறார்கள்? 1972இல் அங்குச் சுற்றுலா தொடங்கியபோது, ஆளில்லாத தீவுகளில்தான் உல்லாச விடுதிகள் எழுந்தன. வந்தவர்கள் விமான நிலையத்திலிருந்து நேரே அத்தீவுக்குப் போய், அங்கேயே உண்டு உறங்கித் திரும்பினர். நாட்டு மக்களின் அடுப்பை அவர்கள் கண்டதேயில்லை. 2009ஐ ஒட்டி விதிகள் தளர்த்தப்பட்ட பிறகே மக்கள் வாழும் தீவுகளில் சிறு விருந்தினர் இல்லங்கள் தோன்றின. மாஃபுஷி தீவு அதற்கு முன்னோடி. நடுத்தரக் குடும்பம் ஒன்று பிள்ளைகுட்டிகளோடு தங்கத்தக்க இடங்கள் இவையே. உல்லாசத் தீவுகளில் மது உண்டு. மக்கள் வாழும் தீவுகளில் அதன் விற்பனைக்கு அனுமதியில்லை. உணவு ஹலாலா என்று வாசலில் நின்று விசாரிக்கும் கவலையும் இங்கே இல்லை.

அங்குள்ள சாயாக் கடைக்கு ‘ஹோட்டா’ என்று பெயர். பழைய முறைக் கடையில் உட்கார்ந்தவுடன், நீங்கள் கேளாமலே நாலைந்து தட்டுகளில் பலகாரங்கள் மேசைக்கு வந்துவிடும். வேண்டியதை உண்டு, மீதியை அப்படியே விட்டுவிடலாம். உண்டதை மட்டும் எண்ணிக் காசு வாங்குவார்கள். ‘ஹெதிகா’ எனப்படும் இப்பலகாரங்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே சூரை மீனும் தேங்காயும் வெங்காயமும்தான் இருக்கும். முக்கோணமாக மடித்துப் பொரித்தால் ‘பஜியா’. உருண்டையாகப் பொரித்தால் ‘குல்ஹா’. ரொட்டிக்குள் வைத்துச் சுட்டால் ‘மஸ்ரொஷி’. ஊறவைத்த அரிசியோடு அரைத்துச் சுட்டு, சதுரத் துண்டுகளாக வெட்டித் தருவது ‘குல்ஹி போகிபா’. என் நாவுக்கு இதுவே முதலிடம். கூடவே பாலில்லாத் தேயிலை. நம் நோன்பு திறக்கும் பொழுதின் பலகாரத் தட்டு நினைவுக்கு வராமல் போகாது.

ஒன்றைச் சகோதரிகளுக்குச் சொல்லவேண்டும். ஹோட்டா நெடுங்காலமாக ஆண்கள் கூடும் இடம். தலைநகர் மாலேயில் இன்று குடும்பத்தோடு அமரும் உணவகங்கள் ஏராளம். சிறு தீவுகளின் பழைய கடைகளில் பெண்கள் உட்காரும் வழக்கம் குறைவு. ஆயினும் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்கும் அந்தப் பலகாரத்தில் பெரும்பகுதி பெண்களின் கைவண்ணமே. வீட்டில் செய்து கடைக்குக் கொடுத்துச் சம்பாதிக்கும் தாய்மார்கள் தீவுகளெங்கும் உள்ளனர். உல்லாச விடுதியின் ஒரு வேளை உணவுக்குச் செலவிடும் தொகை பெரும்பாலும் இறக்குமதிப் பொருளுக்கே போகிறது. ஹோட்டாவில் கொடுக்கும் ரூஃபியாவில் ஒரு பங்கு பக்கத்துத் தெரு அடுப்படிக்குப் போய்ச் சேரும். பொட்டலம் கட்டி வாங்கிவந்து அறையில் குடும்பமாக உண்பதிலும் குறைவொன்றுமில்லை.

காலைப் பசியாறலுக்கு ‘மஸ் ஹுனி’. வெங்காயம், மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை முதலில் கையால் நன்றாகப் பிசைந்து, அதன்பின் தேங்காய்த் துருவலையும் புகையேற்றிய மீனையும் சேர்ப்பார்கள். இந்த வரிசை முக்கியம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறினால் அந்தச் சுவை வராது. சுடச்சுட ‘ரொஷி’ எனும் மெல்லிய ரொட்டியோடு உண்பர். சில வேளை இலைக்கறியையும் பொடியாக அரிந்து கலப்பார்கள். நம் முருங்கைக்கு அங்கேயும் ஏறத்தாழ அதே பெயர்தான் என்பதைக் கேட்டு மகிழ்வீர்கள். மிளகாயில் மட்டும் எச்சரிக்கை தேவை. ‘கித்தெயோ மிருஸ்’ பார்க்கக் குடைமிளகாயின் குட்டி போலிருக்கும். நம் பச்சை மிளகாயை விடப் பன்மடங்கு காரம். குழந்தைகளின் தட்டில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பகலுக்கு ‘கருதியா’. இதுவே அம்மக்களின் அன்றாட ஆணம். மஞ்சள் இல்லை, புளி இல்லை, தாளிப்பு இல்லை. சூரையைத் துண்டமிட்டு உப்பு நீரில் கொதிக்கவிட்டு, மேலெழும் நுரையை விடாமல் வழித்தெடுப்பார்கள். கண்ணாடி போல் தெளிந்த அந்தச் சாற்றைச் சோற்றில் ஊற்றி, எலுமிச்சையும் பச்சை வெங்காயமும் மிளகாயும் கூட்டி உண்பது வழக்கம். மசாலாவில் ஊறிய நம் நாக்குக்கு முதல் கவளம் ஏமாற்றமாகத் தோன்றலாம். மீன் அன்றைக்குப் பிடித்ததாயிருந்தால் மூன்றாவது கவளத்தில் மனம் மாறும். பழைய மீனை வைத்துக் கருதியா காய்ச்ச முடியாது, மறைத்துக்கொள்ள அதில் எதுவுமில்லை. இந்தச் சாற்றையே மணிக்கணக்கில் வற்றக் காய்ச்சினால், பழுப்பு நிறக் குழம்பாக இறுகி ‘ரிஹாகுரு’ ஆகும். நம் புளிக்காய்ச்சலின் பதம். ஆனால் முழுக்க மீன். பல மாதம் கெடாது.

ஏன் எல்லாவற்றிலும் மீன், எல்லாவற்றிலும் தேங்காய்? பவளப்பாறை மணலில் நெல் விளையாது. மேய்ச்சல் நிலமும் கிடையாது. ஏறத்தாழ 1,200 தீவுகளில் மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவு. அரிசி, மாவு, சர்க்கரை யாவும் கப்பலில் வரவேண்டும். கடல் கொடுத்ததையும், தென்னையும் ஈரப்பலாவும் சேம்பும் தந்ததையும் கொண்டே முன்னோர் சமைத்தார்கள்.

அந்தக் கடல் கொடுப்பதை அவர்கள் வாங்கும் முறையும் கவனிக்கத்தக்கது. சூரையை வலை வீசிப் பிடிப்பதில்லை. உயிருள்ள சிறு மீன்களை இரையாகத் தூவி, ‘தோணி’யின் பின்புறம் வரிசையாக நின்று, முள்ளில்லாத தூண்டிலால் ஒவ்வொன்றாக இழுத்துப் போடுகிறார்கள். நம் தோணியும் அவர்கள் தோணியும் பெயரில் ஒன்றே. கடல் வளத்தைக் கெடுக்காத மீன்பிடிப்பு என்று 2012இல் இதற்குப் பன்னாட்டுச் சான்றும் கிடைத்தது. ஆனால் இன்று பிடிபடும் சூரையில் பெரும்பகுதி உறைய வைக்கப்பட்டு, தாய்லாந்தின் டப்பாத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. மஸ் ஹுனியைக்கூட டப்பா மீனில் பிசையும் வீடுகள் பெருகிவிட்டன. வசதிதான், குறைகூற நமக்கு உரிமையில்லை. எனினும் புகை மணம் இல்லாத மஸ் ஹுனி, மாசி போடாத மாசிச் சம்பல் போன்றதே.

இன்னொரு சங்கடமும் உண்டு. விருந்தினர் இல்லங்கள் பலவற்றில் வெளிநாட்டாரின் விருப்பத்தை எண்ணி நூடுல்ஸும் பொரித்த சோறும்தான் பட்டியலில் இருக்கும். கருதியா வேண்டுமென்று முதல் நாளே சொல்லிவையுங்கள். “இதையா கேட்கிறீர்கள்?” என்ற வியப்போடு, தமக்குச் சமைப்பதிலிருந்தே எடுத்து வைப்பார்கள். நம் வீட்டு விருந்தாளி புலால் பிரியாணியை ஒதுக்கிவிட்டு நம் பழைய மீன் ஆணத்தைக் கேட்டால் நமக்கு எப்படியிருக்கும்? அதே மகிழ்ச்சிதான்.

பயண நாளைக் குறிக்கும்போது வெள்ளிக்கிழமையை விலக்குங்கள். தீவுகளிடையே ஓடும் பொதுப் படகுகள் பெரும்பாலும் அன்று ஓடா; ஜுமுஆவை ஒட்டிக் கடைகளும் மூடியிருக்கும். ரமலானில் மக்கள் வாழும் தீவுகளின் உணவகங்கள் பகலில் அடைபட்டிருக்கும். கைக்குழந்தை உள்ளவர்கள் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். குடிப்பதற்குப் புட்டித் தண்ணீரோ இளநீரோ போதும்.

திரும்பும் நாளில் மாலேயின் வடகரையிலுள்ள மீன் சந்தைக்குப் போய்வாருங்கள். பிற்பகலில் தோணிகள் கரை சேரும் நேரம் மிகச் சிறந்தது. அருகிலேயே உள்ள காய்கனிச் சந்தையில் ஹிக்கிமாஸும் ரிஹாகுரு புட்டிகளும் கிடைக்கும். ரிஹாகுருவை விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள். இரண்டு பாலிதீன் உறைகளில் இறுகக் கட்டி, பெரிய பெட்டியில், துணிகளுக்குச் சற்று விலகியே வையுங்கள்.